கார் கண்ணாடி ரப்பரும் கதவு பீடிங்கும்: மழைக்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் முடிந்து, தண்ணீர் காய்ந்த கையோடு எங்கள் கடை வாசலில் பழைய கார்கள் வரிசை கட்டும். ரங்கூன் தாம்வேயில் ரப்பர், பீடிங், கிளிப் விற்கும் சின்னக் கடை. கல்லாவில் நான், மாட்டிக் கொடுப்பது என் தம்பி. மே நடுவில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது. வருடத்துக்கு 100 அங்குலத்துக்கு மேல் கொட்டும் ஊர் இது. அதற்குள் கண்ணாடி ரப்பரை மாற்றிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம்.

வருடா வருடம் அதே சந்தேகங்கள்தான். பாதி தமிழிலும் பாதி பர்மியிலும் கேட்டதை முழுத் தமிழில் இங்கே எழுதி வைக்கிறேன். ரப்பர் விற்பவளே இதைச் சொல்லலாமா என்று தம்பி முறைக்கிறான், இருந்தாலும் சொல்கிறேன்: தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் ரப்பர் வாங்க வராதீர்கள்.

கண்ணாடி ரப்பர்னா ஒண்ணுதானே அக்கா? எது வேணும்னு ஏன் இவ்வளவு கேள்வி?

ஒன்றல்ல. ஒரு கதவிலேயே நாலு இருக்கிறது. கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் வெளிப்பக்கம் நீளமாக ஓடுவது வெளி ரப்பர். அதே இடத்தில் உள்பக்கம் இருப்பது உள் ரப்பர். கண்ணாடி ஏறி இறங்கும் சட்டத்துக்குள் பள்ளமாக, உள்ளே வெல்வெட் மாதிரி மயிர் ஒட்டியிருப்பது சேனல் ரப்பர். கதவு உடம்போடு சாத்தும் இடத்தைச் சுற்றி, குழாய் மாதிரி அமுங்குவது பீடிங்.

வெளி ரப்பர் கண்ணாடியின் தண்ணீரையும் மணலையும் வழித்துவிடும். சேனல் கண்ணாடியைப் பிடித்து நேராக ஓட வைக்கும். பீடிங்தான் மழையையும் தூசியையும் சத்தத்தையும் வண்டிக்குள் வராமல் நிறுத்துவது. உங்கள் கோளாறு எது என்று சொன்னால் எந்த ரப்பர் என்று நான் சொல்லிவிடுவேன்.

ரப்பர் போயிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பார்க்க நல்லாத்தான் இருக்கு.

பார்க்காதீர்கள், தொட்டுப் பாருங்கள். பீடிங்கை விரலால் அமுக்கிவிட்டு எடுங்கள். உடனே எழும்பினால் உயிர் இருக்கிறது. அமுங்கினபடியே சப்பையாகக் கிடந்தாலோ, விரலில் கரி ஒட்டினாலோ, வளைத்தால் குறுக்கே வெடிப்பு தெரிந்தாலோ காலம் முடிந்தது. வெளி ரப்பர் போனதற்கு அடையாளம் கண்ணாடியில் இருக்கும்: மேலிருந்து கீழே நேர்கோடாகக் கீறல். ரப்பர் உதட்டில் மாட்டிய மணல் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் தேய்க்கிறது. அந்தக் கீறல் பாலிஷில் போகாது.

பீடிங்குக்கு நோட்டு சோதனை. ஒரு தாளைக் கதவில் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்துச் சாத்துங்கள். இழுத்தால் கொஞ்சம் பிடிமானத்தோடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் தொடவில்லை. கதவைச் சுற்றி ஒரு சாண் விட்டு ஒரு சாண் பாருங்கள். ஆயிரம் சாட் நோட்டை வைத்துச் செய்து கிழித்துக்கொண்டவர்கள் உண்டு. கிழிந்த நோட்டை இந்த ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள், வெறும் பேப்பரே போதும்.

கதவை ஆட்டினா உள்ளே தண்ணி சலசலன்னு கேக்குது. வெளி ரப்பர் மாத்தணுமா?

கதவுக்குள் தண்ணீர் போவது தவறில்லை. புது வண்டியிலும் போகும். கண்ணாடி இறங்கும் இடைவெளியை வெளி ரப்பர் முழுக்க அடைத்துவிட முடியாது, முக்கால்வாசியைத் தடுக்கும். மீதி கதவின் உள்ளே இறங்கி, அடி விளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். வண்டியைச் செய்தவர்களே அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

சலசலவென்று கேட்டால் அந்த ஓட்டை அடைத்திருக்கிறது. கதவைத் திறந்து, அடி விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று நீள ஓட்டைகள் தட்டுப்படும். ஒரு ஈர்க்குச்சி போதும், கம்பியால் குத்தினால் பெயிண்ட் போய்த் துரு பிடிக்கும். போன வருடம் ஒரு சன்னி கார் வந்தது. தம்பி ஈர்க்குச்சியை நுழைத்ததும் பழைய காபி நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியது, கூடவே மக்கிய இலை, ஒரு வாழ்வு முழுக்க சேர்ந்த மாதிரி. அரை வாளி இருக்கும். காசு கொடுக்க வந்தவர் ரப்பருக்குப் பதில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காலடிப் பாய் எப்பவும் ஈரம். எந்த ரப்பர் மாத்தினா சரியாகும்?

முதலில் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். வலது ஸ்டீயரிங் வண்டியில் இடது பக்கக் காலடி ஈரமென்றால் ஏசியைச் சந்தேகப்படுங்கள். ஏசியின் குளிர் பெட்டி பொதுவாக அந்தப் பக்கம் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அதில் சொட்டும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் விழ வேண்டும். ஏசி போட்டு நிறுத்திய வண்டிக்கு அடியில், நம் ஊர் புழுக்கத்தில், கொஞ்ச நேரத்தில் தரை நனைய வேண்டும். நனையவில்லை என்றால் குழாய் அடைத்துத் தண்ணீர் உள்ளே வருகிறது. மழையே இல்லாத நாளில் ஈரமாகிறதா என்று பார்த்தாலும் விடை கிடைத்துவிடும்.

காரணம் ஏசி இல்லையென்றால் அடுத்தது கதவின் உள்பக்கத் தட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். கதவுக்குள் தண்ணீர் போகும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அது காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். ஸ்பீக்கர் மாட்டவோ கண்ணாடி மோட்டார் பார்க்கவோ தட்டைக் கழற்றும்போது பலர் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். எங்கள் சொந்த வண்டியிலேயே ஸ்பீக்கர் போட வந்த ஒருவர் அப்படிச் செய்து, ஒரு மழைக்காலம் முழுக்க ஈரக் கம்பளத்தின் நாற்றத்தோடு ஓட்டினோம். கெட்டியான பிளாஸ்டிக் தாளைப் பழைய அளவுக்கு வெட்டி, கறுப்புக் களிம்பு மாதிரி ஒட்டும் பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டினால் சரி. தாளின் அடி நுனி கதவின் உள் பள்ளத்துக்குள் தொங்க வேண்டும், வெளியே மடிந்து இருக்கக் கூடாது.

மூன்றாவது, வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டு. அங்கே இலை அடைத்தாலும் தண்ணீர் தேங்கி உள்ளே வரும், மரத்தடியில் நிறுத்துபவர்கள் இலையை அள்ளுங்கள். இவை மூன்றும் இல்லையென்றால்தான் பீடிங்.

டிரைவர் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேயுது?

1970இல் பர்மாவில் வண்டிகள் சாலையின் வலது பக்கத்தில் ஓடும்படி மாற்றினார்கள், நாம் ஓட்டுவதோ பெரும்பாலும் ஜப்பானில் இருந்து வந்த வலது ஸ்டீயரிங் வண்டி. அதனால் டிரைவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். டாக்சியென்றால் ஏறுபவர் குனிந்து பேரம் பேசுவதே டிரைவர் கண்ணாடி வழியாகத்தான். ஒரு நாளில் அது எத்தனை தடவை இறங்கி ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அதோடு வெற்றிலை. எச்சில் துப்புவதற்குக் கண்ணாடி இறங்கும், சிவப்புத் துளி வெளி ரப்பரில் விழும், சுண்ணாம்பும் பாக்குத் தூளும் காய்ந்து ரப்பர் உதட்டில் மணல் மாதிரி கெட்டியாகும். இரண்டாம் கேள்வியில் சொன்ன கீறல் டிரைவர் கண்ணாடியில்தான் அதிகம் பார்க்கிறேன். வாரம் ஒரு தடவை ஈரத் துணியை விரலில் சுற்றி அந்த உதட்டை வழித்துவிட்டால் இன்னும் சில வருடம் வரும்.

ஒரிஜினலே வாங்கணுமா, அடிக்கணக்கில் வெட்டித் தர்றது போதாதா?

பீடிங்குக்கு அடிக்கணக்குப் போதும், சரியான வடிவம் கிடைத்தால். பழையதில் ஒரு சாண் வெட்டிக்கொண்டு வாருங்கள். குழாயின் தடிமன் ஒத்துப்போக வேண்டும். கதவு சாத்தியதும் குழாய் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமுங்குவது நல்ல கணக்கு. குறைந்தால் தண்ணீர் வரும், கூடினால் கதவு சாத்தாது. நீளத்துக்கு ஒரு நூலைக் கதவைச் சுற்றி ஓட்டி அளந்து, அதற்கு மேல் அரை அடி சேர்த்து வாங்குங்கள்.

சேனலுக்கும் வெளி ரப்பருக்கும் அந்தக் கணக்கு வேண்டாம். சேனலின் மூலைகள் அச்சில் வார்த்தவை. நேர்த் துண்டை மடக்கி வைத்தால் மூலையில் சுருங்கி, கண்ணாடி அங்கேயே முட்டும். ஒரிஜினல் விலை தாங்காது என்றால் ஜப்பானில் பிரித்த வண்டியின் பழைய சேனல், மயிர் தேயாமல் இருந்தால், புதிய மட்டச் சரக்கைவிட மேல்.

மோல்மீன் பக்கம் நம்ம ஆளுங்க தோட்டத்திலேயே ரப்பர் எடுக்கிறாங்க. அதுலயே செஞ்சா மலிவா இருக்காதா?

இது எனக்குப் பிடித்த கேள்வி. மோல்மீன் இருக்கும் மோன் மாநிலத்து ரப்பர் மரப்பால் ரப்பர். இழுவைக்கும் டயருக்கும் அருமையானது, ஆனால் வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் அதைச் சீக்கிரம் வெடிக்க வைக்கும். காரின் வெளிப்பக்கத்துக்கு இப்போது பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்தான். வெயில், மழை, ஓசோன் எல்லாம் தாங்கும். அதன் பலவீனம் வேறு: பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிக் குழைந்துவிடும். எண்ணெய்க் கேள்வி கீழே வருகிறது, அங்கே இதை நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வரும்போது என்ன விவரம் கொண்டு வரணும்?

என்ஜின் அறையில் இருக்கும் தகட்டை போனில் படம் எடுத்து வாருங்கள். "புரோபாக்ஸ்" என்ற கார் பெயரைவிட, தகட்டில் இருக்கும் "என்சிபி51" என்ற மாடல் எழுத்துதான் எனக்குப் பயன்படும். அப்புறம், தயவுசெய்து "டிரைவர் பக்கம்" என்று சொல்லாதீர்கள். இடது ஸ்டீயரிங் வண்டிகளும் ஊரில் ஓடுவதால் அந்தச் சொல்லை நம்பி இரண்டு தடவை மாற்றிக் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறேன். சீட்டில் உட்கார்ந்து முன்னே பார்த்தால் வலதா இடதா, அவ்வளவுதான்.

வெளி ரப்பரை நானே மாத்த முடியுமா?

முடியும். கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். கதவு விளிம்பின் பெயிண்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு வரியாக ஒட்டுங்கள், இதைச் சோம்பலில் விட்டவர்கள் எல்லோரும் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறார்கள். பிறகு கதவைத் திறந்து ரப்பர் முடியும் நுனியைப் பாருங்கள். பல ஜப்பான் வண்டிகளில் அங்கே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதைக் கழற்றாமல் இழுத்தால் ரப்பருக்குள் இருக்கும் தகடு வளைந்துவிடும். சிலவற்றில் சைடு கண்ணாடியையும் கழற்ற வேண்டும்.

பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒரு நுனியில் தொடங்கி கிளிப் கிளிப்பாக மேலே தூக்குங்கள். பழைய கிளிப் உடையும், அது விதி. அதனால் புது கிளிப் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். பள்ளத்தில் இருக்கும் மணலைப் பிரஷ்ஷால் எடுத்து, புதியதை மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தினால் டக் டக்கென்று உட்காரும். சத்தம் வராத இடத்தில் கிளிப் உட்காரவில்லை.

சேனலும் அதே மாதிரிதானா?

அதைவிடக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கண்ணாடியை இறக்கி, மேல் மூலையில் பிடித்து உருவினால் வந்துவிடும். ஆனால் இரண்டு பக்கத் துண்டும் கதவுக்குள் நீளமாக இறங்கியிருக்கும். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் அது உட்காருகிறதா என்று பார்க்கக் கதவுத் தட்டைக் கழற்றுவதே நல்லது. கழற்றும்போது அந்தப் பிளாஸ்டிக் தாள் ஜாக்கிரதை.

மாட்டும்போது மூலைகளை முதலில் உட்கார வையுங்கள், பிறகு மேல் பக்கம், கடைசியில் பக்கவாட்டுகள். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். இழுத்து நீட்டி மாட்டாதீர்கள். நீட்டிய ரப்பர் சில வாரத்தில் பழைய நீளத்துக்குச் சுருங்கி மூலையை விட்டு வெளியே வரும். முடித்ததும் கண்ணாடியை மெதுவாக ஏற்றி, எங்காவது சேனலையும் சேர்த்துத் தூக்குகிறதா என்று பாருங்கள்.

பீடிங் ஒட்ட எந்தப் பசை? சூப்பர் குளூ ஆகுமா?

ஆகாது, அது காய்ந்து கண்ணாடி மாதிரி உடையும். முதலில் உங்கள் பீடிங்குக்குப் பசையே வேண்டுமா என்று பாருங்கள். அடியில் தகடு வைத்து விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வகைக்கு வேண்டாம், கையால் அழுத்தினால் போதும். வெறும் ரப்பர் வகைக்கு, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசை. இரண்டு பக்கமும் மெல்லிதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் நழுவும். புளித்த காடி வாசனை வரும் சிலிகான் டியூபை இரும்பு தெரியும் இடத்தில் போடாதீர்கள், அந்த அமிலமே துருவுக்கு வழி செய்யும்.

சேரும் இடம் கதவின் அடியில் வரட்டும். மேலே வந்தால் அந்த இடுக்கில் தண்ணீர் நேராக இறங்கும். கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, இரண்டு நுனியையும் முட்டக் கொடுத்து உள்ளே தள்ளுங்கள். சுருட்டி வைத்த பீடிங் மடிப்பு விடாமல் அடம் பிடித்தால் ஹேர் டிரையர் காட்டலாம். கரண்ட் இல்லாத நேரத்தில் கார் மேல் கால் மணி நேரம் வெயிலில் போட்டால் போதும், நம் ஊரில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

பழைய பீடிங்கை எடுத்தா அடியில துரு.

அதன் மேல் ஒட்டாதீர்கள். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றும் மருந்து, பிறகு பிரைமர், பெயிண்ட். நன்றாகக் காய வேண்டும். பழைய பசையை எடுக்க மண்ணெண்ணெய்த் துணி போதும், பிறகு சோப்புத் தண்ணீரால் துடைத்து மண்ணெண்ணெய் மிச்சமில்லாமல் செய்யுங்கள். தின்னர் பெயிண்டையும் தின்றுவிடும்.

புது பீடிங் போட்டதுல இருந்து கதவை அறைஞ்சு சாத்த வேண்டியிருக்கு. தப்பா குடுத்துட்டீங்களா?

புதுக் குழாய் விறைப்பாகத்தான் இருக்கும். இரவெல்லாம் கதவைச் சாத்தி வைத்து ஒரு வாரம் பொறுங்கள், படிந்துவிடும். அதற்கும் படியவில்லை என்றால் தடிமன் கூடுதல், கொண்டு வாருங்கள். வண்டியின் உடம்பில் கதவுப் பூட்டு மாட்டும் கொக்கியை நகர்த்தியும் சரி செய்யலாம். ஆனால் பழைய பீடிங் தேய்ந்தபோது யாரோ ஒருவர் அந்தக் கொக்கியை உள்ளே தள்ளி வைத்திருக்கலாம், அதையும் பாருங்கள். சோதனைக்கு மேலே சொன்ன நோட்டுதான்.

கண்ணாடி முனகிக்கிட்டு ஏறுது. தேங்காய் எண்ணெய் விடலாமா? டீசல்?

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் இரண்டு நாள் சுகமாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகும். டீசல், என்ஜின் ஆயில், கிரீஸ் எல்லாம் ஈபிடிஎம்மை ஊத வைக்கும். ஊதிய சேனல் கண்ணாடியை இன்னும் இறுக்கும், மோட்டார் திணறும். சிலிகான் ஸ்பிரே வாங்குங்கள். துணியில் அடித்துத் துணியால் தடவுங்கள். பெயிண்ட் அடிக்கப் போகும் வண்டியென்றால் வேண்டாம், சிலிகான் பட்ட இடத்தில் புதுப் பெயிண்ட் ஒட்டாமல் குழி விழும்.

பொத்தானை ஒரு தடவை தட்டினால் தானாக ஏறும் கண்ணாடி, புதுச் சேனல் போட்டதும் பாதி ஏறித் திரும்ப இறங்கினால் பயப்படாதீர்கள். ஏதோ சிக்கிவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது. ஸ்பிரே போட்டு, வண்டியின் கையேட்டில் உள்ளபடி மறுபடி பழக்க வேண்டும்.

பெகு ரோட்டுல வேகம் எடுத்தா விசில் அடிக்குது. எந்த இடம்னே தெரியல.

மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்குங்கள். கதவு இடுக்கு, கண்ணாடி ஓரம், வெளி ரப்பர், சைடு கண்ணாடியின் முக்கோண மூலை எல்லாவற்றையும் வெளியிலிருந்து ஒட்டி மூடி, இன்னொருவரை ஓட்டச் சொல்லுங்கள். விசில் நின்றால் ஒவ்வொரு துண்டாக உரித்துக்கொண்டே போங்கள். எதை உரித்ததும் திரும்ப வருகிறதோ அதுதான். என் அனுபவத்தில் அந்த முக்கோண மூலைதான் முதல் குற்றவாளி.

முன் கண்ணாடி ரப்பரும் நாமே மாத்தலாமா?

ரப்பர் சட்டத்தில் உட்கார்ந்த மிகப் பழைய வண்டி என்றால், ரப்பர் பள்ளத்தில் கயிறு ஓட்டி, சோப்புத் தண்ணீர் போட்டு, உள்ளிருந்து கயிற்றை இழுத்து உதட்டை விளிம்புக்கு மேல் ஏற்றுவார்கள். இரண்டு பேர் வேலை. பசையால் ஒட்டிய பிந்தைய வண்டி என்றால் கண்ணாடிக்காரரிடம் விடுங்கள்.

திஞ்சானுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?

பசை போடும் பீடிங் என்றால், குறைந்தது ஒரு நாள் முழுதாகக் காய நேரமிருந்தால் மட்டும் முன்னால். பந்தலில் இருந்து குழாயில் பீய்ச்சும் தண்ணீர் மழை மாதிரி மேலிருந்து விழாது, பக்கவாட்டில், கீழிருந்து கூட அடிக்கும். அதைத் தாங்கும் வெளி ரப்பர் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. நான் சொல்வது: திஞ்சான் முடியட்டும், ஈர்க்குச்சியால் கதவு ஓட்டைகளைத் திறந்து உலர்த்துங்கள், பிறகு வாருங்கள்.

எல்லாத்தையும் மாத்தியாச்சு. இன்னமும் மழை பெய்தா உள்ளே நனையுது!

குழாய்த் தண்ணீரில் தேடுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் குழாயோடு வெளியே. தண்ணீர் மெதுவாக ஓடட்டும், பீய்ச்ச வேண்டாம். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள், ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழியெல்லாம் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது.

ஒரு டாக்சி மூன்று தடவை எங்களிடம் வந்தது. கதவு பீடிங் மாற்றினோம், பிளாஸ்டிக் தாள் போட்டோம், டிரைவர் காலடி காயவே இல்லை. மூன்றாம் தடவை தம்பி குழாயைக் கூரை வரைக்கும் கொண்டு போனான். உள்ளே இருந்த நான் முன் தூணின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், ஒரு நூல் மாதிரி தண்ணீர் தூணின் உள்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. கூரை மேல் முன்பு டாக்சி போர்டு மாட்ட யாரோ போட்ட ஸ்க்ரூ ஓட்டை, அதன் மேல் வெறும் ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்து, துருவைத் தேய்த்து, பெயிண்ட் வைத்து, ரப்பர் வாஷரோடு ஸ்க்ரூவை இறுக்கினான். வாஷருக்குக் காசு வாங்கவில்லை. முதல் தடவை விற்ற பீடிங்குக்குத்தான் அந்த அண்ணன் இன்னும் என்னைக் கேலி செய்கிறார்.